அம்மாவின் மூக்கையும் எங்கள் இடுப்பையும் அளப்பது எப்படி

வயது போனவர்களின் மறதியைப் பற்றிப் பேச்சு வந்தால் பெயர் மறந்தது, திறப்பு தொலைந்தது, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னது என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். மூக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பெரியம்மா மறதி நோயோடு நெடுங்காலம் கிடந்து போனவர். எங்கள் பக்க வழக்கப்படி பெண் பிள்ளைகள் தாய் வளவிலேயே வீடு கட்டி இருப்பதால் நானும் தங்கச்சியும் அம்மாவும் ஒரே வேலிக்குள் இருக்கிறோம். வருடத்தில் இரண்டு தரம் நாங்கள் ஒரு வேலை செய்கிறோம். அம்மாவின் மூக்கு எவ்வளவு மணம் பிடிக்கிறது என்று சோதிக்கிறோம். எங்கள் இரண்டு பேரின் வயிற்றுச் சுற்றளவையும் அளக்கிறோம். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதி வைக்கிறோம். காசு செலவில்லாத வேலை. எங்கள் வீடு மாதிரி வீடுகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய உண்டு. அவர்களும் செய்யலாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மூக்கு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மூக்கின் உட்கூரையில் இருக்கும் நரம்பணுக்கள் மணத்தைப் பிடித்து, நேரே மூளையின் அடிப்பகுதிக்கு அனுப்புகின்றன. கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற இடத்துக்குப் போய்த்தான் மேலே போகும். மணம் அப்படிச் சுற்றுவதில்லை. ஞாபகத்தைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸுக்கு வாசல் போல இருக்கும் என்டோரைனல் என்ற பகுதிக்கு அது சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும். மறதி நோய்களில் பரவலான வகையான அல்சைமர் நோயில் புரதச் சிக்கல்கள் ஆரம்பத்திலேயே தோன்றுவதும் அந்த இடத்தைச் சுற்றித்தான். ஜேர்மனியில் பிராக் தம்பதியர் 1991இல் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். ஆகவே பெயர்கள் மறக்கத் தொடங்குவதற்கு வருடக்கணக்கில் முன்னரே மணம் குறையக்கூடும்.

அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையான கிட்டத்தட்ட 3000 பேரிடம் ஐந்து மணங்களைக் கொடுத்து, ஐந்து வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது. நாலு மணமாவது சரியாகச் சொல்ல முடியாதவர்களுக்கு மறதி நோய் வந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

இதைப் படித்துவிட்டு யாரும் பதற வேண்டாம். வயது போனால் மூக்கு மங்குவது வழமை. 65க்கும் 80க்கும் இடையில் பாதிப் பேருக்கு மேல், 80க்குப் பிறகு முக்கால்வாசிப் பேருக்கு மணம் பெரிதாகக் குறைகிறது என்று 1984இலேயே பென்சில்வேனியாவில் கண்டுவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்கு மறதி நோய் வருவதில்லை. வெறும் மூக்குச் சோதனையை வைத்து "அறளை பெயரப் போகுது" என்று வீட்டில் ஒரு முதியவரைப் பார்த்துச் சொல்வது பாவம்.

ஆனால் "மணம் தெரியுதா அம்மா?" என்று கேட்டு, "ஓம்" என்ற பதிலோடு விட்டுவிடவும் கூடாது. விஸ்கொன்சினில் 53 முதல் 97 வயது வரையானவர்களைச் சோதித்தபோது நாலில் ஒருவருக்கு மணம் குறைந்திருந்தது. தனக்குக் குறைவு இருப்பதாகத் தானே சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கண் மங்கினால் ஊசியில் நூல் கோர்க்கும்போது தெரிந்துவிடும். மூக்கு மங்கினால் ஆளுக்கே தெரியாது, சமையல்தான் காட்டிக்கொடுக்கும். அம்மா ஒரு நாள், "என்ன மனே, இண்டைக்கு சொதிக்கு ரம்பை போடல்லயா?" என்று கேட்டார். ரம்பை கொதித்து வீடு முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் கொப்பியைத் தொடங்கினோம்.

மரபணுவும் கொழுப்பும்

பெரியம்மாவுக்கு வந்தது எங்களுக்கும் வருமா என்பதுதான் தங்கச்சியின் முதல் கேள்வி. ஏபிஓஈ என்ற மரபணு எல்லோரிடமும் உண்டு. ஈ2, ஈ3, ஈ4 என்று மூன்று வகை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று கிடைக்கும். ஈ4 ஒன்று இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறுகிறது, இரண்டு இருந்தால் இன்னும் பல மடங்கு ஏறுகிறது. ஈ2 ஓரளவு காக்கிறது. 1993இல் இது தெரிய வந்தது. ஈ4 உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஈ4 இல்லாதவர்களுக்கும் நோய் வருகிறது. ஆகவே இந்த இரத்தப் பரிசோதனைக்காக யாரும் கடன்பட்டுக் கொழும்புக்கு ஓட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முடிவு என்னவாக வந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். குடும்பத்தில் யார் யாருக்கு மறதி வந்தது, எந்த வயதில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுபதுக்குப் பிறகு வந்திருந்தால் அது நாம் பேசிக்கொண்டிருக்கும் பொதுவான வகையாக இருக்கலாம். நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை வந்திருந்தால் அது வேறு, அபூர்வமான வகை. ஒரே மரபணுவால் நேரடியாக இறங்குவது. அந்தத் தாளை நரம்பியல் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டத்தான் வேண்டும். சம்பந்தம் பேசும் வயதில் பிள்ளைகள் இருந்தால் இந்தத் தாளை ஊருக்குக் காட்டாமல் அலுமாரிக்குள் வைத்திருங்கள். அதற்குப் பயந்து எழுதாமல் மட்டும் விடாதீர்கள்.

ஈ4 உள்ளவர்களின் மூக்கையும் பார்த்திருக்கிறார்கள். சிக்காகோ ஆய்வாளர்கள் 865 பேரை வைத்துச் செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஈ4 உள்ளவர்களுக்கு 65-69 வயதிலேயே மணம் இருப்பதை உணரும் சக்தி குறையத் தொடங்கியது. அது என்ன மணம் என்று பெயர் சொல்லும் திறனில் வித்தியாசம் தெரிந்தது 75-79 வயதில்தான். ஆகவே இரண்டும் இரண்டு வேறு சக்தி. "ஒண்டும் மணக்கல்ல" என்பது ஒன்று. "ஏதோ மணக்குது, என்னெண்டு தெரியல்ல" என்பது இன்னொன்று. கீழே நான் சொல்லும் சோதனையில் இரண்டு பகுதி இருப்பது இதனால்தான்.

இனி இடுப்புக்கு வருகிறேன். ஏபிஓஈ மரபணு உண்டாக்கும் புரதத்தின் தொழிலே கொழுப்பைச் சுமப்பது. இரத்தத்திலும் அதுதான், மூளைக்குள் ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குக் கொலஸ்ரோலைக் கொண்டுபோவதும் அதுதான். உடற்கொழுப்பையும் மறதியையும் சேர்த்துப் பேசுவதற்கு இது ஒரு காரணம். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டுகிறது, இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது, சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் வழிவிடுகிறது. இவை எல்லாம் மூளையின் இரத்தக்குழாய்களைத் தாக்கும்.

கலிபோர்னியாவில் 6583 பேருக்கு 40-45 வயதில் வயிற்றின் தடிப்பை அளந்து வைத்திருந்தார்கள். சராசரியாக 36 வருடம் கழித்துப் பார்த்தால், வயிறு மிகப் பெரிதாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகச் சிறிதாக இருந்தவர்களைவிட மறதி நோய் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மொத்த எடை சரியாக இருந்து வயிறு மட்டும் பெருத்தவர்களும் தப்பவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது நெருங்கிய விஷயம். கையும் காலும் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும்.

இடுப்பு அளக்கும் முறை

தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும். காலையில், சாப்பிட முன், நிமிர்ந்து நின்று அளக்க வேண்டும். கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் நாடா போக வேண்டும். உள்பாவாடை நாடா கட்டும் இடமோ சாறன் உடுக்கும் இடமோ அல்ல. அவை பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே போய்விடும். அங்கே அளந்தால் கணக்குப் பிழைக்கும். உடுப்பைத் தளர்த்தி, தோலின் மேல் நாடாவை வைத்து, வழமைபோல மூச்சை விட்ட பிறகு வாசியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது.

தெற்காசியருக்குச் சொல்லும் எல்லை பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. நாடா அங்குலத்தில் இருந்தால் முறையே ஏறக்குறைய முப்பத்தொன்றரை, முப்பத்தைந்தரை. அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய அளவு. வெளிநாட்டுப் பட்டியல்களில் இதைவிடப் பெரிய எண்கள் இருக்கும். அவை ஐரோப்பிய உடம்புக்கு எழுதியவை, அவற்றைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம்.

இந்த எண் முக்கியமாக நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்களுக்கு. எழுபது தாண்டிய அம்மாக்களை மெலிய வைக்க முயற்சி செய்யாதீர்கள். அந்த வயதில் முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைந்துகொண்டு வந்தால் அதுவே ஒரு அபாயக் குறி. மறதி நோய் வெளியே தெரியும் முன்னரே பலருக்கு எடை இறங்கத் தொடங்குகிறது. ஆகவே அம்மாவுக்கு எடையை எழுதுகிறோம், எங்களுக்கு இடுப்பு மட்டும். வயது போகப் போகத் தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறும். தராசு அதே எண்ணைக் காட்டும். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடிகிறதா என்று பார்ப்பது தராசைவிட நல்ல சோதனை.

அரச ஆஸ்பத்திரிகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் நடக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்களில் பிரஷர், சீனி, எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். முப்பத்தைந்து தாண்டியவர்கள் போகலாம். எங்கள் ஆண்கள் அங்கே போவது குறைவு. அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூக்குச் சோதனை

எப்போது செய்வது என்பது முதல் பிரச்சினை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி மழையில் வீட்டில் ஒருவருக்காவது தடிமன் இருக்கும். அடைத்த மூக்கைச் சோதித்துப் பயனில்லை. நாங்கள் ஒருமுறை மாசியிலும் ஒருமுறை ஆவணியிலும் செய்கிறோம். தடிமன் வந்து போயிருந்தால் இரண்டு மூன்று கிழமை விடுங்கள். சாம்பிராணி கொளுத்தாத, மீன் பொரிக்காத, பவுடரும் அத்தரும் பூசாத ஒரு காலை நேரம் வேண்டும். வெற்றிலை போடும் ஆளாக இருந்தால் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லி, அரை மணித்தியாலம் பொறுங்கள். தேநீரும் பிறகுதான்.

முதல் பகுதி, மணம் இருப்பது தெரிகிறதா என்பது. ஊசி போட முன் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் தோய்த்த துண்டு ஒன்றைப் பார்மசியில் வாங்குங்கள். அம்மாவைக் கண்ணை மூடி இருக்கச் சொல்லுங்கள். துண்டை மூக்குக்கு முப்பது சென்ரிமீற்றர் கீழே பிடித்து, ஒவ்வொரு முறை அவர் மூச்சை விடும்போதும் ஒரு சென்ரிமீற்றர் மேலே கொண்டுவாருங்கள். மணம் வந்தது என்று கை காட்டும் இடத்தில் நிறுத்தி, மூக்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். கலிபோர்னியாவில் 1997இல் இரண்டு ஆய்வாளர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். ஓய்வு விட்டு விட்டு மூன்று தரம் செய்து நடு எண்ணை எடுக்கலாம். அதே இருக்கையில் உங்களுக்கும் செய்து பாருங்கள். அன்றைய காற்றுக்கும் துண்டின் ஈரத்துக்கும் உங்கள் எண்தான் அளவுகோல். அடுப்புப் பக்கத்தில் மட்டும் செய்யாதீர்கள், ஸ்பிரிட் தீப்பற்றும்.

இரண்டாவது பகுதி, என்ன மணம் என்று சொல்வது. ஆஸ்பத்திரி உலகத்தில் பேர்போன சோதனை பென்சில்வேனியாவில் உருவானது, நாற்பது மணம் கொண்டது, சுரண்டி முகர்வது. அதில் பீட்சா, ரூட் பியர் என்ற பானம், வெளிநாட்டு ஊறுகாய் எல்லாம் இருக்கின்றன. களுவாஞ்சிக்குடியில் எண்பது வருடம் வாழ்ந்த ஒருவர் ரூட் பியர் மணத்தைச் சொல்லவில்லை என்றால் அது மூக்கின் பிழையல்ல. ஆகவே எங்கள் குசினியிலிருந்தே எடுக்கிறோம். கோப்பித்தூள், கராம்பு, ஏலக்காய், கருவாடு, தேசிக்காய்த் தோல், வறுத்த பெருஞ்சீரகம், நசுக்கிய உள்ளி, சந்தனச் சவர்க்காரம். காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் இருப்பவர்கள் சந்தனத்துக்குப் பதிலாக வீட்டில் பழகிய அத்தரை வைக்கலாம். ஆள் வாழ்நாள் முழுக்க முகர்ந்த மணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்தாலேப, விக்ஸ், கற்பூரம், வினாகிரி, அமோனியா இவற்றை வைக்கவே கூடாது. அவை மணம் மட்டுமல்ல. குளிர்ச்சியாகவும் எரிச்சலாகவும் முகத்து நரம்பில் படும். மண நரம்பு முழுதாகப் பழுதான ஆளுக்கும் சித்தாலேப "தெரியும்". அதை வைத்துச் சோதித்துவிட்டு மூக்கு நல்லம் என்று நம்பிவிடுவார்கள். ஸ்பிரிட்டுக்கும் கொஞ்சம் இந்தக் குணம் உண்டு. முதல் பகுதியோடு மட்டும் நிற்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ஒரே அளவான சிறிய மூடிப் போத்தல்களை எடுத்துத் தாள் சுற்றி உள்ளே தெரியாமல் ஆக்குங்கள். பொருளைப் போட்டு மேலே பஞ்சு வையுங்கள். கூடவே வெறும் பஞ்சு மட்டும் வைத்த போத்தல் ஒன்றும் வேண்டும். அதைக் கொடுத்ததும் "கோப்பி" என்று சொன்னால் ஆள் ஊகித்துச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அடியில் இலக்கம் எழுதி, வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். போத்தலை மூக்கடியில் பிடித்து இரண்டு மூன்று தரம் மெதுவாக முகரச் சொல்லி, அடுத்ததுக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள்.

மணத்துக்குப் பெயர் சொல்வது இளம் ஆட்களுக்கே கஷ்டம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நாலு பெயரை மெதுவாக வாசித்து, அதில் எது என்று கேளுங்கள். "கராம்பா, கருவாடா, தேசிக்காயா, சவர்க்காரமா?" என்பதுபோல, ஒன்றுக்கொன்று தூரமானவையாக இருக்கட்டும். பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம், முகத்திலும் காட்ட வேண்டாம். அம்மாவுக்குச் சோதனை என்ற சொல்லே பிடிக்காது. மருமகப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் முகர்ந்து பார்ப்பதால் அவரும் சேர்ந்துகொள்கிறார்.

எழுத வேண்டியவை: திகதி, ஸ்பிரிட் தூரம், எட்டில் எத்தனை சரி, எவை பிழை, தடிமன் இருந்ததா, புது மருந்து ஏதும் தொடங்கினாரா. ஒரு நாள் எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. போன முறை ஏழு, இந்த முறை ஆறு என்றால் விடுங்கள். பாதிக்குக் கீழே இறங்கி, ஒரு மாதம் கழித்துச் செய்தும் அப்படியே இருந்தால் டொக்டரிடம் போக வேண்டும்.

முதலில் ஈ.என்.டி. கிளினிக்தான். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கலாம், சைனஸ் இருக்கலாம், கோவிட் வந்து போன பிறகு திரும்பாமல் இருக்கலாம், சைக்கிளால் விழுந்து தலை அடிபட்டிருக்கலாம். இவற்றில் சில சுகப்படுத்தக்கூடியவை. நடுக்கம், எழுத்து வரவரச் சிறிதாவது, நித்திரையில் கத்தி உதைப்பது இவை சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பார்க்கின்சன் நோயிலும் மணம் பல வருடம் முன்னரே போகும். மறதியும் கூடவே இருந்தால், காசு கணக்குப் பிழைப்பது, தெரிந்த வழியில் தடுமாறுவது, பழகிய கறியின் படிமுறை மாறிப்போவது எல்லாவற்றையும் உதாரணத்தோடு சொல்லுங்கள்.

மணம் குறைந்த ஆளோடு

காஸ் சிலிண்டரில் இருக்கும் வாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்கப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். மூக்கு மங்கிய ஆளுக்கு அந்தக் காவல் இல்லை. அம்மா தனியே அடுப்பு மூட்டுவதை நாங்கள் தடுக்கவில்லை, ஆனால் இரவில் சிலிண்டர் வாயை மூடுவது தங்கச்சியின் பொறுப்பு. குழாயையும் இணைப்பையும் இடைக்கிடை சவர்க்கார நுரை பூசிப் பார்க்கிறோம். குமிழி வந்தால் கசிவு. நேற்றைய மீன்கறி, திறந்த பால்மா, தயிர்ச்சட்டி இவற்றை மணந்து பார்த்து முடிவெடுக்கும் வேலையும் இளம் மூக்குகளுக்கு.

அடுத்தது உப்பும் சீனியும். மணம் குறைந்தால் சாப்பாடு சப்பென்று இருக்கும். ஆள் தன்னையறியாமல் கறிக்கு உப்பையும் தேநீருக்குச் சீனியையும் கூட்டுவார். வீடு முழுக்க அதே கறியைத்தான் சாப்பிடுகிறது. அம்மாவின் மூக்கு எங்கள் இடுப்பிலும் பிரஷரிலும் வந்து நிற்பது இப்படித்தான். உப்பைக் கூட்டாமல் தேசிக்காய்ப் புளி, மிளகு, இஞ்சி, பொரித்த வெங்காயத்தின் மொறுமொறுப்பு இவற்றால் சுவையை ஏற்றுங்கள். நாக்குக்கும் வாய்க்கும் தெரிபவை மூக்குப் போனாலும் தெரியும். தேநீருக்குச் சீனியைக் கரண்டியால் அளந்து போடுவது ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணப் பயிற்சியும் உண்டு. ஜேர்மனியில் டிரெஸ்டனில் 2009இல் வந்த முறை: ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு நாலையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றும் பத்து விநாடி, பன்னிரண்டு கிழமை முகர்வது. மூக்கின் நரம்பணுக்கள் திரும்ப முளைக்கக்கூடியவை என்பதால் சிலருக்கு மணம் கொஞ்சம் திரும்புகிறது, முக்கியமாக வைரஸ் காய்ச்சலால் போனவர்களுக்கு. மறதி நோயை இது தடுக்கும் என்று யாரும் காட்டவில்லை. அப்படிச் சொல்லி எண்ணெய் விற்பவரிடம் வாங்காதீர்கள். அம்மா பனிநீரும் கராம்பும் தேசிக்காயும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் வைத்துச் செய்கிறார். அவருக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் தலைமுறைக்கு நம்பிக்கை தருவது பின்லாந்து ஆய்வு ஒன்று. 60 முதல் 77 வயது வரையான 1260 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு இரண்டு வருடம் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் சீனிக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களின் சிந்திக்கும் திறன் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. பிறகு பிரித்துப் பார்த்தபோது ஈ4 உள்ளவர்களும் அதே பயனைப் பெற்றிருந்தார்கள். தங்கச்சிக்கு இதை வாசித்துக் காட்டிய பிறகு மரபணுப் பரிசோதனைப் பேச்சை அவள் எடுக்கவில்லை. பின்னேரம் நடப்பதற்கு என்னைக் கூப்பிடத் தொடங்கினாள். இரவுச் சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டியிருக்கிறோம். நாடாவில் மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. மாதாமாதம் அளந்து மனம் சோராமல், மூக்குச் சோதனை நாளில் மட்டும் அளந்தால் போதும்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் கொப்பியின் கடைசி இரண்டு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, குடும்ப மறதித் தாளோடும் மருந்துப் பட்டியலோடும் கொண்டுபோங்கள். டொக்டருக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கும். "மாசியில் எட்டில் ஏழு, ஆவணியில் மூன்று, தடிமன் இல்லை" என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.